உள்ளங்கைச் சூட்டில் ஒரு குழாய்

டாக்டர் திலகவதி காலமானார் என்று நம் ஆராய்ச்சிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. இதே குழுதான் போன வருடம், வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்த பேராசிரியர் ஒருவருக்கு மாலை போட்டு அஞ்சலி செலுத்தியது. கச்சிராயபாளையத்தில் இருக்கும் அவருடைய தங்கையைப் போனில் அழைத்தேன். "யாருங்க பாத்து சொன்னது? இன்னொரு டாக்டரும் பாத்தாரா?" என்று அடுக்கினேன். "எங்க அக்கா மாதிரியே கேக்கறீங்களேங்க" என்று சொல்லி அந்த அம்மாள் அழுத பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், திலகவதி எதையும் லேசில் நம்புகிறவர் அல்லர். ரத்த நோய்களை ஆராயும் கூடத்தில் நானும் அவரும் எதிரெதிர் மேசை. ஒரே ஆளின் ரத்தத்தை இரண்டு குழாய்களில் ஊற்றி, இரண்டு பெயர் ஒட்டி, மற்றக் குழாய்களோடு கலந்து வைத்துவிடுவார். இரண்டுக்கும் ஒரே முடிவு வராவிட்டால் அன்றைய வேலை முழுவதும் குப்பைக்குப் போகும். ஒரு நாள் அதைக் கண்டுபிடித்துவிட்டேன். "இன்னா திலகா, என் மேலயே சந்தேகமா?" என்று சண்டைக்குப் போனேன். "உன் மேல மட்டும்னு யார் சொன்னது? என்னுதையும் அப்படித்தான் பாக்கறேன்" என்றார். எனக்குக் கோபம் ஆற ஒரு வாரம் ஆயிற்று.

நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி நம் ரத்த அணுக்களையே அழிக்கும் நோய்தான் அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி. அதை அவர் விளக்கும் விதம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். "உள்ள ஒரு காவக்காரன் இருக்கான். சந்தேகமே படலன்னா திருடன் நுழைவான். ஜாஸ்தி சந்தேகப்பட்டா வூட்டுக்காரனையே அடிப்பான்."

கல்வராயன் மலையில் நாங்கள் போட்ட முதல் ரத்தப் பரிசோதனை முகாமில் யாரும் கை நீட்டவில்லை. கர்ப்பிணி மனைவியோடு வந்திருந்த ஒருவர் எல்லோருக்காகவும் கேட்டார்: "எங்க ரத்தத்த எடுத்துக்கினு போயி இன்னா செய்வீங்க? விப்பீங்களா?" எனக்குச் சுருக்கென்றது. திலகவதி சிரித்தார். "நல்ல கேள்விங்க. மொதல்ல என்னுத எடுக்கறோம், கண்ணால பாருங்க" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னிடம் கையை நீட்டினார். அதன்பின் எந்த முகாமிலும் முதல் குழாய் அவருடையதுதான்.

அந்தக் கர்ப்பிணிக்கு ரத்தம் மிகக் குறைவு. அன்றே கீழே அனுப்பி ரத்தம் ஏற்ற வேண்டும். பனி விலகாத காலையில் வகை பார்த்தோம். ஏபி என்று காட்டியது. நான் எழுதப் போனேன். திலகவதி என் பேனாவைப் பிடித்துக்கொண்டார். ஏபி வகையாக இருந்தால் அந்த ரத்தத்தின் தெளிந்த நீர் எந்த வகை அணுவையும் கட்டியாக்கக் கூடாது. இதுவோ எல்லாவற்றையும் கட்டியாக்கியது. வண்டி காத்திருந்தது. கணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திலகவதி அந்தப் பெண்ணின் ரத்தம் கட்டிகட்டியாக நின்ற குழாயை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய மேதாவி என்று காட்டிக்கொள்கிறாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. கையைத் திறந்தபோது கட்டிகள் கரைந்திருந்தன. "அணுவெல்லாம் குளிருல ஒட்டிக்கினு ஏமாத்துது, சரோஜா" என்றார். வெந்நீர்க் கிண்ணத்தில் எல்லாவற்றையும் சூடாக வைத்து மறுபடி பார்த்தோம். ஓ வகை. ஏபி ரத்தம் ஏறியிருந்தால் தாயும் பிள்ளையும் மலைக்குத் திரும்பியிருக்க மாட்டார்கள்.

கடைசி முகாமில் அவருடைய குழாயை நான்தான் பார்த்தேன். அணுக்கள் கம்மி; மேலே தெளிந்து நின்ற நீர் மஞ்சள், அணுக்கள் உடைகின்றன என்பதற்கு அடையாளம். நான் வாய் திறக்குமுன், "மிஷின் சரியில்ல" என்றார். வேறு மிஷினில் போட்டோம். வேறு பெயர் ஒட்டியும் போட்டோம். அதே முடிவு. கடைசியாகக் குழாயை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். நான் வேண்டாத சாமி இல்லை. திறந்து பார்த்துவிட்டு, "இது குளிரு இல்ல. காவக்காரன் என்னையே அடிக்க ஆரம்பிச்சுட்டான்" என்றார். அவர் எந்தச் சந்தேகமும் இல்லாமல் பேசி நான் கேட்டது அன்றுதான். எனக்குப் பயமாக இருந்தது. பிறகு எத்தனையோ மருந்து கொடுத்தார்கள், அவன் அடங்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சந்தேகப் புத்திதான். இப்போதும் எந்த முடிவையும் ஒரு தரம் சூடு காட்டாமல் நான் நம்புவதில்லை. கச்சிராயபாளையத்தில் அவரைக் கிடத்தியிருந்த கூடத்துக்கு நான் போனபோது, வழி விட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கையை என் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டேன். தங்கை, "இன்னா பண்றீங்க?" என்று கேட்டாள். "கொஞ்சம் இரும்மா" என்றேன். வெகுநேரம் பொத்தியிருந்தேன். பிறகு திறந்து பார்த்தேன்.