மல்லிப்பட்டினம் கடலும் மங்கிப்போன மாஸ்க்கும்

கடலுக்கு அடியில் பார்க்க அந்தமானுக்குத்தான் போக வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மன்னார்குடியிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள், கடலடியில் புல் வளரும் மல்லிப்பட்டினம் இருக்கிறது. இந்த மாசியில், அறுப்பு முடிந்த வயல்களில் உளுந்து பச்சைகட்டி நின்றபோது, நானும் என் கணவரும் போய்வந்தோம். அவர் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். கடற்புல்லைப் பற்றி வருடா வருடம் பாடம் நடத்துவார், நேரில் பார்த்ததில்லை. தை மாதக் கடைசியில் கண் டாக்டர், அவருடைய பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது, நிறுத்த மருந்தில்லை என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அவர் கேட்டது இவ்வளவுதான்: "மல்லிப்பட்டினம் ஒரு தடவ போயிட்டு வந்துடலாமா?"

நீச்சல் மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் சேர்த்து ஆன்லைனில் ஆயிரத்து இருநூறு ரூபாய். புது மாஸ்க்கின் கண்ணாடியில் பிசுக்கு மாதிரி ஒரு படலம் இருக்கும். அதைப் போக்காவிட்டால் தண்ணீரில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. வெள்ளைப் பற்பசையை உள்பக்கம் தடவி, விரலால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். மூன்று முறை செய்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் வீட்டில் மிக்ஸி வந்தாலும் பைக் வந்தாலும் சாமி முன்னால் வைத்து, சந்தனமும் குங்குமமும் இடாமல் தொடமாட்டோம். இதற்கும் இட்டேன். வெளியே இட்டால் கடல் கரைத்துவிடுமே என்று புத்திசாலித்தனமாகக் கண்ணாடியின் உள்பக்கம் இட்டேன். தலைக்கு எண்ணெய் தேய்த்த கை வேறு. கிளம்பும்போது முந்தானையால் துடைத்துப் பையில் போட்டேன்.

காலை ஐந்து மணி பஸ். பட்டுக்கோட்டையில் இறங்கி இட்லி சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ் பிடித்தோம். ஏழேகாலுக்கெல்லாம் கரையில் இருந்தோம். படகுக்காரர் செல்வத்திடம் முன்பே போனில் பேசியிருந்தோம். லைஃப் ஜாக்கெட்டோடு சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு. அரை மணி நேரம் ஓட்டி, கழுத்தளவு தண்ணீரில் நங்கூரம் போட்டார்.

"சார், இதுக்குக் கீழ பூரா புல்லுதான். மெதுவா எறங்குங்க, மிதிக்காம பாருங்க," என்றார்.

என் கணவர் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு இறங்கி முகத்தைத் தண்ணீரில் வைத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நிமிர்ந்துவிட்டார். துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். மறுபடி நிமிர்ந்தார்.

"மாஸ்க்குல எச்சி துப்பித் தேச்சு, ஒரு தடவ அலசிட்டுப் போடுங்க சார். நாங்க சங்குக்கு முங்கறப்ப அப்படித்தான்," என்றார் செல்வம்.

"சாமிகிட்ட வச்சதுங்க அது," என்றேன் நான். செல்வம் மரியாதையாகத் தலையைத் திருப்பிக்கொண்டார். எங்கள் வீட்டில் டம்ளரை வாயில் வைத்துக் குடித்தாலே நான் சும்மா இருக்கமாட்டேன்.

என் கணவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மாஸ்க்கை என்னிடம் நீட்டினார். செல்வத்துக்குக் கேட்காத குரலில் சொன்னார். "எல்லாம் பொகை மாதிரி இருக்கு. கண்ணாடியா, இல்ல என் கண்ணான்னு எனக்குச் சொல்லத் தெரியல. நீ போட்டுப் பாரு."

மாஸ்க்கைப் போட்டு மூச்சு விட்டேன். கரையும் தென்னந்தோப்பும் எதிரே இருந்த செல்வமும் எல்லாம் வெள்ளையாக மறைந்துபோயின. ஒன்றுமே தெரியவில்லை என்பதற்காக வேறு எந்த ஒருத்தியும் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள்.

"கண்ணாடிதாங்க," என்றேன். "எனக்கும் ஒண்ணும் தெரியல. கண்ணாடிதான்."

"நீயே துப்பு. எனக்கு வாயெல்லாம் காஞ்சு கெடக்கு," என்றார்.

துப்பினேன். மூலை முடுக்கெல்லாம் தேய்த்தேன். கடல் தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுத்துக் கொடுத்தேன். அவர் குனிந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது, நிமிரவில்லை. மூச்சுக்குழாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பயந்துபோய் முதுகைத் தொட்டதும் எழுந்தார்.

"நட்டு ஒரு மாசம் ஆன வயல் மாதிரி இருக்கு. நீயும் எறங்கு," என்றார்.

அவருடைய மாஸ்க்கை வாங்கி மாட்டி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் இறங்கிப் பார்த்தேன். சுற்றிலும் மாஸ்க்கின் ரப்பர் கறுப்பாக மறைத்தது. நடுவில் மட்டும் பச்சைப் புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. எழுந்ததும், "ஓரமெல்லாம் கறுப்பா இருக்குங்க," என்று குறைபட்டேன். "எனக்கு எப்பவுமே அப்படித்தான். தலையத் திருப்பித் திருப்பிப் பாரு, எல்லாம் தெரியும்," என்றார். அழுதேன். முகமெல்லாம் கடல் தண்ணீர், அதனால் பரவாயில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மாசி, பங்குனியில் காலை பத்து மணிக்குள் போங்கள், பிறகு காற்று எழுந்து தண்ணீர் கலங்கிவிடும். தேய்த்த கண்ணாடியின் உள்பக்கத்தை விரலால் தொடாதீர்கள். சந்தனம் இடுவதென்றால் தலையில் மாட்டும் பட்டையில் இடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். முக்கியமாக, ஆளுக்கொரு மாஸ்க் வாங்குங்கள். ஒன்றுதான் இருந்தால் ஒருவர் பார்க்கும்போது மற்றவர் படகில் காத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது இரண்டு இருக்கின்றன. இன்னும் எவ்வளவு காலம் என்று டாக்டர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறோம்.