பாத்தாமுக்கு நான்கு டிக்கெட்

கப்பலைப் பற்றி ரெங்கசாமிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1981இல் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூரில் வந்து இறங்கியவர், மறுநாளே ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் சாரம் கட்ட ஏறிவிட்டார். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஆள். எட்டே வருடத்தில் ஃபோர்மேன். பதினைந்து வருடத்தில் சொந்த லாரி, சொந்தச் சாரக் குழாய்கள், கீழே நாற்பது வேலையாட்கள். அவர் கட்டிய சாரம் ஒன்றுகூடச் சரிந்ததில்லை. இதை அவரே சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

அதனால்தான் மனைவி ரத்தினம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு விமானம் வேண்டாம் என்று தோ பாயோ வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அறிவித்தார்.

"எல்லாரும் ஏரோப்ளேன்ல போறான். நான் என் பொண்டாட்டியக் கப்பல்ல கூட்டிட்டுப் போறேன். இந்தோனேசியாப் பக்கம் பாத்தாம் தீவு, ரெண்டு நாள். நாலு டிக்கெட்டும் நானே நேர்ல போய்ப் போடுறேன். யாரும் போன்ல தட்ட வேணாம்."

மகன் ஜெய் சிரித்தான். மருமகள் திவ்யதர்ஷினி, "ஆன்லைன்ல அஞ்சு நிமிஷம் லா, மாமா" என்றாள்.

ரத்தினம்மா புக்கிட் மேராவில் பிறந்து வளர்ந்தவள். கரையிலிருந்து பார்த்ததோடு சரி, கடலில் போனதே இல்லை. "நாப்பது வருஷமா கப்பலுக்கு அடியிலயே கெடந்தாரு. என்ன மேல ஏத்திவிட இப்பத்தான் மனசு வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, அன்று மாலையே கடைக்குப் போய்ச் சக்கரம் வைத்த பச்சைப் பெட்டி ஒன்றை வாங்கிவந்தாள்.

டன்லப் ஸ்திரீட்டில் மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்னப் பயண ஏஜென்சி. அங்கே மோகனப்பிரியா என்ற பெண் டிக்கெட் போட்டுக்கொடுத்தாள். பணம் கட்டி முடித்த பிறகுதான் நான்கு பாஸ்போர்ட்டுகளையும் விரித்து வைத்தாள். மூன்று சிவப்பு, சிங்கப்பூருடையவை. ஒன்று கருநீலம், இந்தியப் பாஸ்போர்ட்.

"அங்கிள், நீங்க பிஆரா? நிரந்தரவாசிதானா, சிட்டிசன் இல்லையா?"

"அதுக்கென்ன? நாப்பத்திரண்டு வருஷமா இங்க இருக்கேன்."

"ரீ-என்ட்ரி பெர்மிட் இருக்குதானே? வெளிய போய்த் திரும்பி வர்ற அனுமதி."

இருந்தது. 2015இல் அம்மா காரியத்துக்கு ஊருக்குப் போய்வந்தபோது வாங்கியது. அதன்பிறகு அவர் எங்கும் போகவில்லை, புதுப்பிக்கவும் இல்லை. நிரந்தரவாசிக்கான நீல அட்டை பையில் இருக்கும்வரை எல்லாம் நிரந்தரம் என்றுதான் நினைத்திருந்தார். பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்திருந்த அந்த அனுமதிக் கடிதத்தை அவள் வாங்கிப் பார்த்தாள்.

"முடிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு அங்கிள். இது இல்லாம நீங்க கப்பல் ஏறினா பிஆர் போயிரும். திரும்பி டூரிஸ்ட் மாதிரிதான் வரணும்."

"என்னையா? இந்த ஊர்ல பாதிக் கப்பலுக்குச் சாரம் கட்டினவன் நான்."

"அதெல்லாம் அவங்க கேக்க மாட்டாங்க அங்கிள்."

டிக்கெட்டுகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். பூக்கடை வரிசையைக் கடந்து போனவருக்கு எங்கே போகிறோம் என்றே தெரியவில்லை. பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு தெரு நடந்துவிட்டார்.

வீட்டில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: இத்தனை வருடம் ஏன் குடியுரிமை வாங்கவில்லை? அதற்கு அவரிடம் ஒரு பதில் ரொம்ப நாளாகத் தயாராக இருந்தது. ஊர் நிலத்தை விட மனசில்லை, நான் எதற்கு ஒருத்தனிடம் போய்க் கேட்க வேண்டும் என்பார். உண்மை வேறு. 1998இல் அவர் மனுப் போட்டார். ஒரு பக்கக் கடிதம் வந்தது. அதை வீட்டில் காட்டாமல் கேலாங்கில் ஒரு கிளார்க்கிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். கிளார்க் படித்துவிட்டு, "இல்லைன்னு போட்டிருக்கு" என்று மடித்துக் கொடுத்தார். காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுத்த மனிதர் அன்று பேருந்தில் நின்றுகொண்டே வீடு வந்தார்.

அடுத்த பத்து நாட்களும் அவர் பாத்தாமைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். அங்கே என்ன இருக்கிறது, நண்டும் மசாஜும்தானே என்றார். முழங்கால் வலிக்கிறது என்றார். காற்று திரும்பிவிட்டது, கடல் சரியில்லை என்றார். ரத்தினம்மா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டியில் புடவைகளை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள்.

ஒரு நாள் தனியாக ஹார்பர்ஃபிரண்ட் கப்பல் துறைக்குப் போய் நின்று பார்த்தார். ஒருவேளை அப்படியே போய்விட்டு வந்துவிடலாமோ? ரெண்டு நாள்தானே, யார் பார்க்கப் போகிறான்? சனங்கள் வரிசையாகப் போனார்கள். பாஸ்போர்ட்டை வைத்து, விரலை வைத்து, கதவு திறக்க உள்ளே நடந்தார்கள். ஆள் உட்கார்ந்திருந்தால் பேசியிருப்பார். எத்தனையோ அதிகாரிகளைப் பேசிச் சமாளித்தவர்தான். அங்கே இருந்தது மெஷின். தோ பாயோ வீடு, நாலாவது மாடி ஜன்னல், காலையில் ரத்தினம்மா போடும் காப்பி எல்லாம் அந்த ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தன.

புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது திவ்யதர்ஷினி மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

"மாமா, பாஸ்போர்ட் குடுங்க. அந்த ஊர் ஃபார்ம் ஃபில் பண்ணணும்."

ரெங்கசாமி அறைக்குப் போனார். பிஸ்கட் டின்னோடு திரும்பிவந்தார். கருநீலப் பாஸ்போர்ட்டை வைத்தார், காலாவதியான அனுமதிக் கடிதத்தை வைத்தார். மோகனப்பிரியா சொன்னதை அப்படியே சொன்னார். ஜெய்யின் முகம் மாறியது.

"இத முன்னாடியே சொல்லக் கூடாதாப்பா? சிட்டிசன்ஷிப்பே போட்டிருந்தா இந்தத் தொல்லையே இல்ல. அப்படி என்ன பெருமை உங்களுக்கு?"

"போட்டேன்."

"என்ன போட்டீங்க?"

"மனு. தொண்ணூத்தெட்டுல. தரல." டின்னுக்கு அடியிலிருந்து அந்தப் பழைய கடிதத்தையும் எடுத்து வைத்தார்.

 ரத்தினம்மா அந்தக் காகிதத்தைத் தொடாமல் பார்த்தாள்.

"இருபத்தஞ்சு வருஷமா ஊர் நிலம், ஊர் நிலம்னு எங்கிட்ட கதை விட்டீங்க."

அவர் டின்னின் மூடியை அழுத்தி மூடினார்.

திவ்யதர்ஷினி புதுப்பிக்கும் விண்ணப்பத்தைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். படிப்பு? நாலாம் வகுப்பு என்றார். இப்போதைய வேலை? இல்லை. சம்பளம்? இல்லை. சாரம், லாரி, நாற்பது ஆள், சரியாத கம்பங்கள், இவற்றை எழுத அதில் கட்டமே இல்லை.

"வேலை இல்லாததால சிட்டிசன் ஒருத்தர் ஆதரவு குடுக்கணும் மாமா. அத்தை பேரைப் போடலாம். போன்ல அவங்க முகத்தைக் காட்டி ஒப்புதல் குடுத்தாப் போதும்."

"அவ பேரா? அவளுக்குச் சோறு போட்டதே நான்."

"அப்ப வேணாமா?"

ரெங்கசாமி தலையைக் குனிந்துகொண்டார். ரத்தினம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கினாள்.

"இவரை நான் பாத்துக்கிறேன்னு சொல்லணும், அவ்வளவுதானே? முப்பத்தஞ்சு வருஷமா அந்த வேலைதான் பாக்குறேன். எங்க மூஞ்சியக் காட்டணும், சொல்லு."

போன் அவள் முகத்தைப் பார்த்து ஏற்றுக்கொண்டது.

"எத்தனை நாள் ஆகும்?" என்று ஜெய் கேட்டான்.

"ஒரு மாசம் ஆகலாம், மேலயும் ஆகலாம்" என்ற திவ்யதர்ஷினி, மாமனாரைப் பார்க்காமல், "குடுக்காமலும் இருக்கலாம்" என்றாள்.

"அப்ப நானும் போகல" என்றாள் ரத்தினம்மா.

"நீ போ. பச்சைப் பெட்டி வாங்கியாச்சு. நான் ஒருத்தன் போகாததுக்குக் கப்பல் நிக்காது."

சனிக்கிழமை காலை ஹார்பர்ஃபிரண்டில் பெட்டியை அவரேதான் இழுத்து வந்தார். ஜெய்யிடம்கூடக் கொடுக்கவில்லை. "கீழ்த்தட்டுல நடுவுல உக்காரு. முன்னால உக்காந்தா தூக்கித் தூக்கிப் போடும். தூரத்துல ஒரு எடத்தையே பாரு, தலை சுத்தாது" என்று வரிசை முழுவதும் கேட்கச் சொல்லிக்கொண்டு வந்தார். முன்னால் நின்ற மலாய்க் குடும்பம்கூடத் திரும்பிப் பார்த்தது.

வாசலில் சீருடைப் பெண் கையை நீட்டினாள். "அங்கிள், பாஸ்போர்ட்?"

"நாட் கோயிங்" என்றார் ரெங்கசாமி. "ஒய்ஃப் கோயிங்."

ரத்தினம்மா பெட்டியின் பிடியை அவர் கையிலிருந்து வாங்கினாள். "ஃபிரிட்ஜ்ல ரசம் இருக்கு. சுட வச்சுச் சாப்பிடுங்க" என்றாள். அவள் விரல் வைத்ததும் கதவு திறந்தது.

மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அந்தக் கப்பல் திரும்புவதைப் பார்த்தார். அலுமினிய உடம்பு, இரட்டை அடி. பழுது பார்க்க வந்தால் எத்தனை குழாய் பிடிக்கும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. நாலாவது டிக்கெட் சட்டைப் பையில் இருந்தது. செந்தோசா தீவுக்கு அருகே கப்பல் மறைந்ததும் போனை எடுத்து, திவ்யதர்ஷினி பழக்கிக் கொடுத்தபடி இரண்டு இடத்தில் தொட்டு விண்ணப்பத்தின் நிலையைத் திறந்தார். 'பெண்டிங்' என்ற ஆங்கிலச் சொல்லின் உருவத்தை மட்டும் அவள் காட்டி வைத்திருந்தாள். அது மாறினால் பதில் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஏழு எழுத்தையும் விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். மாறவில்லை.