சித்தியின் ஒரே தட்டு

என் சித்தி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். ஞாயிறுதோறும் பூங்காவில், தட்டை வீசிச் சங்கிலிக் கூடையில் விழவைக்கும் டிஸ்க் கோல்ஃப் ஆடுவார். சேர்ந்த புதிதில் கூட்டாளிகள் பேச்சைக் கேட்டு, வேக எண் பன்னிரண்டு உள்ள தட்டை வாங்கினார். அதற்கு வேண்டிய வேகம் புதியவர் கையில் இருக்காது. வீசியதெல்லாம் இடப்பக்கம் வளைந்து புதரில் விழுந்தது.

"கைதான் சரியில்ல" என்றார்கள் கூட்டாளிகள்.

"தினம் நூறு சட்டை தேய்க்கிற கைங்க இது. தட்டுதான் சரியில்ல."

மறுநாளே எண் இரண்டு உள்ள மெதுவான தட்டை வாங்கினார். ஒரு மாதம் அதை மட்டுமே வீசினார்.

பூங்கா அணிக்கு ஆள் எடுக்கும் நாள் வந்தது. மூன்று வீச்சில் கூடையில் போட்டால்தான் இடம்.

"என்னக்கா, சாப்பாட்டுத் தட்டா?" என்று சிரித்தார், பை நிறைய வேகத் தட்டுகள் வைத்திருந்த பஸ் டிரைவர்.

"ஆமா தம்பி. உங்க பன்னெண்டு புதர்ல மேயட்டும்."

முதல் வீச்சு பாதி தூரம்கூடப் போகவில்லை. ஆனால் நேராகப் போனது. தட்டு விழுந்த இடத்திலிருந்து வீசிய இரண்டாவதும் நேர்தான். மூன்றாவதில் சங்கிலி சலசலத்தது.

சித்தி சிரிக்கவில்லை. "பேரை எழுதுங்க" என்றார்.