ஆறு பிடி உப்பு

எனக்கு உப்புக் கை கிடையாது. இதை என் வீட்டுக்காரர் கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை அலுக்காமல் சொல்லிக்கொண்டும் இருக்கிறார். பதினோரு மாதம் ருசி பார்த்துப் பார்த்துப் போட்டும் என் குழம்பில் ஒருநாள் உப்பு கூடும், மறுநாள் குறையும். மீதி ஒரு மாதம் நோன்பு. அந்த ஒரு மாதத்தில்தான் முப்பது வீட்டுக்குக் கஞ்சி காய்ச்சுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பள்ளிவாசலில் ஆண்கள் காய்ச்சும் கஞ்சி தனியாக இருக்கிறது. சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் தூக்கு வாளியோடு வரிசையில் நின்றால் கிடைக்கும். ஆனால் வரிசைக்கு அனுப்ப ஆள் இல்லாத வீடுகள் எங்கள் தெருவில் நிறைய. தனியாக இருக்கிற பெண்கள், துணிக்கடை வேலை விட்டு ஆறு மணிக்கு மேல் ஓடிவருகிறவர்கள், படுக்கையில் இருக்கும் மாமியாரை விட்டு நகர முடியாதவர்கள். அவர்களுக்கெல்லாம் எங்கள் வீட்டுப் பின்கட்டு அடுப்பில் ஒரு பெரிய தேக்சா ஏறும். நானும் என் ஓரகத்தியும் பொறுப்பு. வெங்காயம் உரிக்க, புதினா ஆய யாராவது இரண்டு பேர் வந்துவிடுவார்கள்.

மூன்று படி நொய், அதற்குத் தக்கபடி சிறுபருப்பு, வெந்தயம், கொத்துக்கறி. பட்டை, கிராம்பு, ஏலக்காய் தாளித்து, இஞ்சி பூண்டு பச்சை வாசனை போக வதக்கி, கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கினால் தெருமுனை வரை மணக்கும். பட்டினியில் அந்த மணத்துக்கு நடுவே நின்று கிண்டுகிறவளுக்குத்தான் தெரியும் நோன்பு என்றால் என்ன என்று. மணம் மூக்குக்கு. ருசி பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொன்ன பிறகு. அதுவரை உப்பு சரியாக இருக்கிறதா இல்லையா என்று அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

நுனி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே பயானில் சொல்லியிருக்கிறார். ஆனால் காலையிலிருந்து காய்ந்துகிடக்கிற எங்கள் நாக்கின்மேல் எங்களுக்கே நம்பிக்கை இல்லை. துப்புவதற்குள் விழுங்கிவிடும். மாதவிலக்கு நாட்களில் எங்களுக்கு நோன்பு கிடையாது, அந்த நாளில் இருப்பவள் தாராளமாக ருசி பார்க்கலாம்தான். ஆனால் கரண்டியை அவள் வாயருகே கொண்டுபோன நிமிஷத்தில் பின்கட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் சங்கதி தெரிந்துவிடும். அதனால் நாங்கள் எல்லோரும் முப்பது நாளும் நோன்பு இருக்கிற மாதிரியே முகத்தை வைத்துக்கொள்வோம். யாரும் யாரையும் கேட்பதில்லை.

ஆக, எங்களுக்கு வெளி நாக்கு ஒன்று தேவைப்பட்டது. அது பக்கத்து வீட்டு அக்காவின் நாக்கு.

அக்கா பாகூர்ப் பக்கம் நெல் விளைகிற வீட்டில் பிறந்து, கல்யாணமாகி டவுனுக்கு வந்தவர். தையல் மிஷின் போட்டிருக்கிறார். எங்கள் தெருவில் முக்கால்வாசி ஜாக்கெட் அவர் வெட்டியது. நோன்பு மாதத்தில் தினமும் ஐந்து மணிக்கு, கழுத்தில் அளவு டேப்போடு, கையில் தன் வீட்டு எவர்சில்வர் ஸ்பூனோடு பின்கட்டுக்கு வருவார். ஊதி, ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி நிற்பார். நாங்கள் நான்கு பேரும் பரீட்சை எழுதியவர்கள் மாதிரி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். அநேகமாக உப்பு பற்றாது. பயந்து பயந்து போடுகிறவள் நான். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜாடியிலிருந்து தானே ஒரு பிடி, ஒன்றரைப் பிடி அள்ளிப் போட்டுக் கிண்டுவார். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது மொத்த உப்பும் அவர்தான் போட்டார். ஆறு பிடி. அந்த வருஷம் அன்றைய கஞ்சியைத்தான் எல்லோரும் புகழ்ந்தார்கள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

பாங்கு சொல்ல ஐந்து நிமிஷம் இருக்கும்போது தன் தூக்கில் கஞ்சி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். இருந்து போ அக்கா என்றால், நீங்கள் துவா கேட்கிற நேரத்தில் நான் எதற்கு நடுவில் என்பார். இருபத்திரண்டு நோன்பு மாதம் இப்படிப் போயிற்று.

போன வருஷம் அக்காவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, முப்பது தடவைக்கும் மேலே கதிர் சிகிச்சை, எங்கள் பேச்சில் கரண்டு, வைத்தார்கள். நானும் நாலைந்து தடவை பஸ்ஸேறிப் போய்ப் பார்த்தேன். கட்டி கரைந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். ஆள்தான் பாதியாகிவிட்டார். பேசும்போது குரல் கரகரத்தது. மிஷினில் உட்கார முடியவில்லை. வருகிற போகிறவர்கள் எல்லோரும் வாசலில் நின்று, தலையைச் சாய்த்துக்கொண்டு, எப்படி இருக்கீங்க என்று ஒரு மாதிரிக் குரலில் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் கேட்டேன்.

இந்த வருஷம் முதல் நோன்பு. அக்கா வரமாட்டார் என்றே நினைத்திருந்தோம். ஐந்து மணிக்குச் சரியாக ஸ்பூனோடு வந்து நின்றார். தையல் இல்லாவிட்டாலும் கழுத்தில் டேப் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அக்கா ஒரு வாய் குடித்து, வழக்கம்போல் கண்ணை மூடித் திறந்து, உப்பு சரி என்றார்.

நோன்பு திறந்து, பேரீச்சம்பழம் தின்று, ஒரு மிடறு கஞ்சி குடித்தேன். விழுங்க முடியவில்லை, அவ்வளவு கரித்தது. விசாரித்தால், நான் அசர் தொழப் போயிருந்தபோது ஓரகத்தி உப்புப் போட்டிருக்கிறாள். தொழுதுவிட்டு வந்து நானும் போட்டிருக்கிறேன். இது எங்களுக்குப் புதிதில்லை. முன்பு ஒரு வருஷமும் இப்படி ஆகி, அக்கா கண்டுபிடித்து, இரண்டு குடம் வெந்நீரும் நொய்யும் சேர்த்துச் சரிபண்ணினார். இந்தத் தடவை நோன்பாளிகள் யாரும் குறை சொல்லவில்லை, நோன்பு திறக்கிற உணவைக் குறை சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு தண்ணீர் குடித்திருக்கிறார்கள். தெருமுனையில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற சொல்தா தாத்தா மட்டும், அவருக்கு நோன்பும் இல்லை கூச்சமும் இல்லை, கடலில் மொண்டு காய்ச்சினீர்களா என்று மறுநாள் காலையில் ஆள்விட்டுக் கேட்டார்.

இரண்டாம் நாள் பயத்தில் பாதி உப்புத்தான் போட்டேன். மீதியை அக்கா பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். அக்கா குடித்துவிட்டு, சரி என்றார். அன்றைய கஞ்சி பத்தியச் சாப்பாடு. ஓரகத்தி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பால் ஊற்றுகிற அம்மாவை நாளையிலிருந்து ருசி பார்க்கச் சொல்லலாம், முப்பது வீட்டு விஷயம் இது என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அதனாலேயே அவள்மேல் கோபம் வந்தது.

மூன்றாம் நாள் நான் ஒரு காரியம் செய்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. உப்பே போடாமல் கஞ்சியை இறக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அக்கா வந்தார், குடித்தார், கண்ணை மூடினார்.

"சரியா இருக்குது பாயம்மா."

"நான் இன்னும் உப்பே போடலக்கா."

சொன்ன பிறகுதான், இதை எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டாமே என்று பட்டது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். அக்கா ஸ்பூனை முந்தானையில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"கரண்டு வெச்சதுலருந்து நாக்குல ஒண்ணுமே தெரியல" என்றார். "வரும், மாசக்கணக்குல ஆகும், வராமயும் போவும்னு சொல்லிட்டாங்க. தெருவுல எல்லாம் என்னை நோயாளியாத்தான் பாக்கறாங்க. இங்க மட்டும்தான் நீங்க நாலு பேரும் என் மூஞ்சிய பழையபடி பாத்தீங்க. அத வுட்டுட மனசு வரல."

எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. நாள் முழுக்கப் பட்டினி கிடந்து வீடு திரும்புகிறவர்கள் குடிக்கிற கஞ்சி இது, முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்றும் எனக்குத் தெரியும். பாவம், நீ போய்ப் படு அக்கா என்று அன்பாகச் சொல்லி, அன்றைக்கே பால்காரம்மாவைக் கூப்பிட்டிருப்பேன்.

அக்கா செருப்பை மாட்டப் போனார். அவர் வாசலைத் தாண்டினால் மறுநாள் ஐந்து மணிக்கு வரமாட்டார். அடுத்த வருஷமும் வரமாட்டார். எங்களுக்கு ருசி பார்க்க ஆள் கிடைக்கும். அக்காவுக்கு இந்தப் பின்கட்டு போய்விடும். எனக்கும் அந்த ஐந்து மணி போய்விடும், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எனக்கு ஜுரம் வந்த வருஷம் எத்தினி பிடி போட்டேக்கா?" என்று கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே.

"ஆறு."

"அப்ப வந்து போடு. ருசி பாக்காம போடறதுதான் இங்க எல்லாருக்கும் வேல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தொட்டிக்குப் போய்க் கை கழுவி வந்து, ஜாடியைத் திறந்து, ஒவ்வொரு பிடியாக எண்ணிப் போட்டார். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினார். அடுப்பில் ஏற்றி மறுபடி ஒரு கொதி விட்டோம். தூக்குகள் நிரம்பிப் போயின. பாங்கு சொல்ல ஐந்து நிமிஷம் இருந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை.

"இருந்து பாத்துட்டுப் போறேன்" என்றார். "இப்ப எனக்கும் பாங்கு சொன்னாதான தெரியும்."

பாயில் ஓரமாக உட்கார்ந்தார். நாங்கள் கையேந்தி துவா கேட்டபோது அவரும் கையை மடியில் வைத்துக்கொண்டார். பாங்கு சொன்னது. பழம் தின்று தண்ணீர் குடித்துவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் நாங்கள் அவர் முகத்தைப் பார்த்த அதே மாதிரி.

கஞ்சி நன்றாக இருந்தது. ஆனால் உப்பு கொஞ்சம் மட்டு.

பொய் சொல்வது எனக்குக் கஷ்டமில்லை. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு, பிரமாதம் அக்கா என்று சொல்லியிருக்கலாம். ஓரகத்தி அதைத்தான் சொல்லச் சொல்லி என் தொடையில் கிள்ளினாள். ஆனால் பிரமாதம் என்று சொல்கிற அந்தக் குரல் எனக்கே தெரியும். அது வாசலில் தலையைச் சாய்த்துக்கொண்டு விசாரிக்கிற குரல்.

"கொஞ்சம் கொறச்சல்க்கா" என்றேன். "ஒரு பிடி பத்தல."

அக்கா நெற்றியைச் சுருக்கினார். ஆறுதானே போட்டேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு வலது கையை விரித்துப் பார்த்தார், மூடிப் பார்த்தார். மணிக்கட்டில் நிற்க வேண்டிய வளையல் முழங்கை வரைக்கும் இறங்கியிருந்தது. நாங்கள் எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்தோம்.

"கை எளச்சிப் போச்சுது" என்றார். "அத நான் கணக்குல எடுக்கல."

தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, பழைய அதட்டல் குரலில், கரகரப்போடு சொன்னார்:

"நாளைக்கு ஏழு பிடி. நான் வர்ற வரைக்கும் நீ உப்பு ஜாடியத் தொடாத."