எனினும் அக்காவும் உச்ச நீதிமன்றமும்

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்று எங்கள் ஊர் வக்கீல்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனினும் அக்கா என்ன சொன்னார் என்பதுதான் தெரியும். நீதிபதிகள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவதை அக்கா அரைப் பக்கத்தில் அடக்கிவிடுவார். எங்கள் மாத இதழில் ஒவ்வொரு தீர்ப்புக்கும் மேலே அது தடித்த எழுத்தில் வரும். தலைக்குறிப்பு என்று அதற்குப் பெயர். வக்கீல்கள் அதை மட்டும் மேய்ந்துவிட்டு அங்கியை மாட்டிக்கொண்டு ஓடுவார்கள். கீழே இருக்கும் தீர்ப்பை நான் எவ்வளவு அழகாகப் பக்கம் அமைத்தாலும் அதைப் படிக்க ஒரு நாதி கிடையாது.

அவருக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தது அடியேன்தான். என் மேசை அவர் மேசைக்கு எதிரே. குற்றவியல், குடும்பம், வாடகை, நிலம், வரி, பணி என்று எந்தப் பிரிவில் தீர்ப்பு வந்தாலும், அக்காவின் குறிப்பில் பாதி வழியில் ஓர் ‘எனினும்’ நின்றுகொண்டிருக்கும். விசாரணை இழுத்துக்கொண்டே போனால் அதுவே பிணை கொடுக்கக் காரணம், எனினும். சம்பாதிக்கிற மனைவிக்கும் ஜீவனாம்சம் உண்டு, எனினும். தெருநாய் கடித்தால் நகராட்சி பதில் சொல்ல வேண்டும், எனினும். சந்தோஷமாகப் படித்துக்கொண்டு வருகிறவன் அங்கே வந்ததும் முகம் சுருங்கிப் போவான்.

“எனினும் இல்லாத தீர்ப்பு ஒண்ணு கொண்டு வா, உனக்கு டீ வாங்கித் தரேன்” என்பார். நானும் தேடித்தான் பார்த்தேன். இன்றுவரை அந்த டீ கிடைக்கவில்லை.

அக்கா சட்டம் படித்தவர். வக்கீலாகப் பதிவும் செய்தவர். ஆனால் சீனியரின் பின்னால் சம்பளமில்லாமல் வழக்குக் கட்டுத் தூக்கிக்கொண்டு அலைய வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை. பெரிய முதலாளி அவரை எங்கள் இதழில் சேர்த்துக்கொண்டார். “முதல்ல தற்காலிகமா இரும்மா. அப்புறம் பாக்கலாம்” என்றார். பார்க்கலாம் என்றவர் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். அவர் நாற்காலியில் மகன் வந்து உட்கார்ந்தார். நரை விழுந்த பிறகும் அக்கா ஆண்டுக்கு ஒரு முறை ஒப்பந்தத்தாளில் ‘தற்காலிகம்’ என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் அவருக்குச் சில மாதங்கள் முன்னால் வந்தவன். அதனால் நான் நிரந்தரம். இதில் என் திறமை ஒன்றுமில்லை.

நிரந்தர ஊழியருக்கு மருத்துவ அட்டை உண்டு. வீட்டாருக்கும் அது செல்லும். அக்காவுக்கு வேண்டியிருந்தது அந்த அட்டைதான். அவர் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்த்தவர். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். காலமெல்லாம் மற்றவர்களைச் சிரமமில்லாமல் மாடிக்கு அனுப்பி வைத்த மனிதருக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து போயிற்று. குடியிருப்பதோ இரண்டாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவார். முட்டியை மாற்ற வேண்டும், தள்ளிப்போட்டால் கால் வளைந்துவிடும், அதற்குப் பிறகு மாற்றினாலும் சரிவராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்த நிலையில்தான் அந்தத் தீர்ப்பு வந்தது. ஒரு மருத்துவமனையில் கூட்டித் துடைத்த பெண் போட்ட வழக்கு. கீழ்க்கோர்ட்டில் தோற்று, மேல்கோர்ட்டில் தோற்று, வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயது நெருங்கும்போது உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தாள். நிறுவனத்தின் அன்றாட வேலையைப் பல்லாண்டு இடைவிடாமல் செய்தவர், ஒப்பந்தத்தில் என்ன பெயர் எழுதியிருந்தாலும், நிரந்தர ஊழியரே. அக்கா அதைப் படித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முகத்தைப் புடவைத் தலைப்பால் அழுத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். எத்தனையோ பேருடைய கொலை, விவாகரத்து, ஜப்தி எல்லாவற்றையும் கண் கலங்காமல் சுருக்கியவர் அவர். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“அக்கா, இன்னிக்கே ஒரு விண்ணப்பம் எழுதி நீட்டுங்க” என்றேன்.

“இதழ் தபாலுக்குப் போகட்டும்.”

இது பெரிய முதலாளி போட்ட விதி. அந்தக் காலத்தில் சில வக்கீல்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து குழைவார்கள். இன்னும் வெளிவராத தலைக்குறிப்பை வாங்கிப் போய் மறுநாள் எதிராளியின் தலையில் போடுவார்கள். அதனால் இதழ் சந்தாதாரர் எல்லோருக்கும் தபாலில் போகும்வரை, உள்ளே வேலை செய்பவர் யாரும் அதிலுள்ள தீர்ப்பைத் தம் காரியத்துக்கு எடுக்கக் கூடாது. விதி போட்டவர் படமாகச் சுவரில் தொங்குகிறார். எனக்கு விதியெல்லாம் நினைவில் இருந்ததே இல்லை. அக்காவுக்கு அது வேதவாக்கு.

“விதி சந்தாதாரருக்காகப் போட்டதுக்கா. உங்க வயித்துல அடிக்கப் போட்டதில்ல.”

“எல்லாருக்கும் ஒண்ணுன்னாதான் அது விதி. ஒரு வாரத்துல என்ன குடி முழுகிடப் போவுது?”

விண்ணப்பத்தை மட்டும் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். குறிப்பில் வழக்கம்போல ‘எனினும்’ வந்தது. உரிமை கோரும் நாளில் ஊழியர் இடைவிடாத பணியில் இருக்க வேண்டும். முதலாளி வேண்டுமென்றே நிறுத்தி வைத்தால் அது இடைவெளி ஆகாது. ஆனால் ஊழியர் தாமே எழுதிக் கொடுத்து விலகிப் போய்த் திரும்பி வந்தால், பழைய ஆண்டுகள் போயின, கணக்கு புதிதாகத் தொடங்கும்.

“அந்தக் கடைசிப் பத்தியை விட்டுடுங்களேன். தீர்ப்போட வால்ல இருக்கு. யாரு படிக்கப் போறா?”

“யாரும் படிக்கறதில்லன்னுதானே என்னை வச்சிருக்காங்க” என்றார். அச்சுக்கு அனுப்பினேன்.

அதே வாரம் எங்கள் முதலாளிக்கு மேடை ஆசை வந்தது. தொழிற்சாலை முதலாளிகள் சங்கத்தில் ‘பல துறைகளில் உச்ச நீதிமன்றத்தின் அண்மைத் தீர்ப்புகள்’ என்று பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அவருக்குத் தீர்ப்பு என்றாலே கொட்டாவி வரும். அக்காவைத்தான் கூப்பிட்டார். பிறர் முன்னால் மேடம் என்பார்; காரியம் ஆக வேண்டுமென்றால் அக்கா.

“அக்கா, புது இதழ்ல இருக்கறதை எல்லாம் ஒரு மணி நேரத்துக்குத் தயார் பண்ணிடுங்க. நீங்களும் வந்துடுங்க. ஏதாவது கேட்டா நான் முழிக்கக் கூடாது.”

இதழ் இன்னும் தபாலுக்குப் போகவில்லை. விதியின் மேல் காரை ஏற்றிக்கொண்டு போனார் மகன். அக்கா மட்டும் ஓரமாக நின்று பச்சை விளக்குக்குக் காத்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

கூட்டம் ஒரு ஓட்டலின் மாடியில். குளிரூட்டிய கூடம், வெள்ளைத் துணி போட்ட மேசைகள், ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில். திரையில் பக்கங்களைத் தள்ளுவதற்காக என்னையும் கூட்டிப் போயிருந்தார்கள். அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அக்கா எழுதிக் கொடுத்ததை முதலாளி வாசித்துக்கொண்டே போனார். நிலம், வரி, பிணை எல்லாவற்றுக்கும் கேட்பவர்கள் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். துப்புரவுப் பெண்ணின் வழக்கு வந்ததும் கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

முன்வரிசையில் இருந்த தடித்த மனிதர் கையைத் தூக்கினார். “எங்ககிட்ட இந்த மாதிரி நிறையப் பேரு இருக்காங்க. எல்லாரையும் நிரந்தரம் ஆக்கிட்டு நாங்க கடையை மூடவா? இதுக்கு வழி ஒண்ணும் இல்லையா?”

முதலாளி தாளைத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார். “அதை எங்க மேடமே சொல்லுவாங்க” என்று கடைசி வரிசையைக் காட்டினார். யாரோ அக்காவின் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

அக்கா எழுந்து நின்றார். தீர்ப்பை முழுவதும் சொன்னார். முதலாளியே நிறுத்தினால் ஏன் செல்லாது, ஊழியரே எழுதிக் கொடுத்தால் ஏன் செல்லும், எந்தப் பத்தியில் எந்த நீதிபதி தயங்கினார் என்பதுவரை சொன்னார். சொல்லி முடித்ததும் கூடம் கை தட்டியது. நல்ல கைதட்டல். கோர்ட்டில் நின்று வாதாடியிருக்க வேண்டிய பெண். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டம் அவருக்குக் கை தட்டுகிறது. முகம் பெண் பார்க்க வந்த அன்றுபோல் சிவந்திருந்தது. நான் மட்டும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் முதலாளி பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். அவர் எழுதி நான் அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை அக்காவை அறைக்குள் கூப்பிட்டார். அவர் அறைக்கும் எங்களுக்கும் நடுவே பலகைத் தடுப்புதான். அது கூரையைத் தொடாது. உள்ளே இருமினால் வெளியே கேட்கும். இது அவருக்கு மட்டும் தெரியாது.

“மாமாவுக்கு முட்டி எப்படிக்கா இருக்கு?”

“அப்படியேதான் இருக்கு சார்.”

“என் மச்சான் ஆஸ்பத்திரி இருக்கே. நான் பேசிட்டேன். ரெண்டு காலையும் பண்ணிடலாம். நீங்க ஒரு பைசா தர வேணாம், நான் பாத்துக்கறேன். அடுத்த வாரமே சேத்துடுங்க.”

முதலாளியே தொடர்ந்தார்.

“பக்கத்துல ஆள் வேணுமில்ல. ஒரு அஞ்சு மாசம் வீட்ல இருங்க. சொந்தக் காரணத்துக்காக விலகிக்கறேன்னு ஒரு லெட்டர் மட்டும் குடுத்துடுங்க. எப்ப வந்தாலும் உங்க சீட் உங்களுக்குத்தான். சட்டம் வேற, மனுஷத்தன்மை வேறக்கா.”

அவர் நடிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். தான் ஒரு புண்ணிய காரியம் செய்கிறோம் என்று மனதார நம்பிக்கொண்டிருந்தார். கூடவே தன் காரியமும் ஆகிறது, அவ்வளவுதான்.

வெளியே வந்த அக்காவை நான் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். “இப்பவே அந்த விண்ணப்பத்தைக் குடுங்க. அவரு மறுத்தா கேஸ் போடுங்க. ஜெயிப்பீங்க.”

“ஜெயிப்பேன்டா. எனக்குத் தெரியாதா? அந்தப் பொம்பள ஜெயிக்கறதுக்குள்ள கிழவி ஆயிட்டா. நான் ஜெயிச்சு அட்டையை வாங்கிட்டுப் போறப்போ இவருக்கு நிமித்தறதுக்குக் கால் இருக்குமா?”

“தபாலுக்குப் போகட்டும், தபாலுக்குப் போகட்டும்னு உக்காந்திருந்தீங்களே.”

சொல்லியிருக்கக் கூடாது.

கடிதத்தை அக்கா சொல்ல நான்தான் அடித்தேன். அவர் ‘பணியிலிருந்து விலகுகிறேன்’ என்று சொன்ன இடத்தில் நான் ‘விடுப்பு கோருகிறேன்’ என்று அடித்துவிட்டேன். விடுப்பு என்றால் தொடர்ச்சி முறியாது. அந்த மனிதர் கவனிக்கவும் மாட்டார். தாளை எடுத்து ஒரு பார்வை பார்த்தார் அக்கா. பேனாவால் அந்த வரியைச் சுழித்தார்.

“இதை மாத்து.”

“அக்கா, அவருக்கு வித்தியாசம் தெரியாது.”

“எனக்குத் தெரியும். இவரு காலுக்குப் பதிலா அவரு இதைக் கேட்டாரு. நானும் சரின்னுட்டேன். குடுக்கறதை ஒழுங்காக் குடுத்துடணும்.”

மாற்றினேன். அவர் எழுதியதிலேயே ‘எனினும்’ இல்லாதது அந்த ஒன்றுதான். கையெழுத்துப் போட்டு உள்ளே கொடுத்துவிட்டு, விண்ணப்பத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து நாலாகக் கிழித்து என் குப்பைக்கூடையில் போட்டார். இதழ் அன்று மதியம் தபாலுக்குப் போயிற்று.

சிகிச்சை நன்றாகவே நடந்தது. அதில் குறை சொல்ல வழியில்லை. அக்கா திரும்பி வந்தார், அதே நாற்காலி, அதே மேசை. புது ஒப்பந்தத்தாளை நான்தான் அச்சடித்தேன். முதலாம் ஆண்டு, தற்காலிகம். படிக்காமல் கையெழுத்துப் போட்டார். எதையும் படிக்காமல் அவர் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை.

சில வாரங்கள் கழித்து மாமா அலுவலகத்துக்கு வந்தார். தடிகூட இல்லை. சலவைச் சட்டை, வழித்த முகம். முதலாளியின் கைகள் இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதலாளி எங்களையெல்லாம் கூப்பிட்டு, “பாருங்க, எப்படி நடக்கறாரு பாருங்க” என்று காட்டினார். எல்லோரும் பார்த்தோம். மனிதர் அந்தக் கோடிவரை நடந்து போய்த் திரும்பி வந்தார்.

“கீழேருந்து ஒரு இடத்துலகூட நிக்காம ஏறிட்டேன் சார். இந்தக் காலத்துல யாரு இப்படிச் செய்வா? கூடப் பொறந்தவன் செய்ய மாட்டான்.”

“அக்கா எங்க வீட்டு மனுஷி” என்றார் முதலாளி.

மாமா அக்காவின் மேசைக்கு வந்தார். மனைவியைப் பார்க்கிற பார்வையிலேயே ஒரு பெருமை இருந்தது. கடிதத்தைப் பற்றி அக்கா அவரிடம் மூச்சுவிடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

“நிரந்தரம் ஆக்கல, ஆக்கலன்னு வீட்ல பொலம்பிட்டே இருப்பியே. எப்பேர்ப்பட்ட மனுஷன் பாரு. நமக்கு இவ்வளவு செஞ்சிருக்காரு. அவருக்கா மனசு வந்து செஞ்சா செய்யட்டும். நீயா வாயைத் திறந்து அவருகிட்ட எதையும் கேட்டுடாத.”

அக்கா கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“கேக்க மாட்டேங்க” என்றார்.