செல்லாயி தட்டிய தகரம்

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் மரத்துப் பால்வெட்டு நின்றுபோனது. கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்து ஜனம் மரவள்ளிக் கிழங்கை நம்பித்தான் உயிரை ஓட்டியது. கிழங்கைச் சீவி, ஊறவைத்து, முன்பு ரப்பர் தகடுகளைப் புகையில் உலர்த்திய புகைவீட்டு வாசலில் சாக்கு விரித்துக் காயப்போடுவார்கள். நன்றாகக் காய்ந்தால் மழை மாதம் முழுக்கக் கஞ்சி உண்டு. நனைந்தால் பூசணம்தான்.

எல்லோரும் கிழங்குக் கொல்லைக்குப் போய்விட, காலில் புரையோடிய புண்ணோடு செல்லாயி காவல் இருப்பாள். மழை வரும்போல இருந்தால் அவள் தகரத்தைத் தட்டவேண்டும். பெண்கள் ஓடிவந்து வாரிக்கொள்வார்கள்.

வானத்தைப் பார்ப்பதில் அவள் கெட்டிக்காரி. ராத்திரி நனைந்த மண்ணில் காலை வெயில் சுள்ளென்று ஏறினால் ஈரமெல்லாம் ஆவியாகி மேலே போகும். மேலே குளிர். சோற்றுப்பானை மூடியில் நீர் கோப்பதுபோல அந்த ஆவி துளித்துளியாகிக் கூடி, ஜெராய் மலைமேல் மேகமாக உட்காரும். வெள்ளையாக இருக்கிறவரை பயமில்லை. அது உயரமாக வளர்ந்து அடிவயிறு கறுத்தால் மழைதான். வெயில் கொளுத்துகிற நாளில்தான் மழையும் கொட்டும் என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள், சாயங்காலம் நனைந்துகொண்டு ஓடுவார்கள்.

அன்று அடிவயிறு கறுத்ததை அவள் நன்றாகவே பார்த்தாள். கை இரும்புக்கம்பியை எடுத்தும்விட்டது. அப்போதுதான் அந்தப் பாழும் நினைப்பு வந்தது. புகைவீட்டில் ஒழுகாத மூலை ஒன்றே ஒன்று. தட்டினால் எல்லோரும் வந்துவிடுவார்கள், இந்தக் காலை வைத்துக்கொண்டு முண்டியடிக்க முடியுமா? போன மழையில் கெட்டது அவள் கிழங்குதானே! கம்பியைக் கீழே வைத்துவிட்டுத் தன் சாக்குகளை நொண்டி நொண்டி அந்த மூலைக்கு இழுத்தாள். பிறகுதான் தட்டினாள்.

ஆட்களுக்கு முன்னால் மழை வந்துவிட்டது. மற்றவர்கள் பாதியாவது வாரினார்கள். கொல்லையின் கடைசியிலிருந்து வந்த அழகம்மாவின் கிழங்கு மொத்தமும் சாக்கடையில் மிதந்தது. அவள் புருஷனை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். வீட்டில் மூன்று பிள்ளைகள்.

"என்னக்கா, மேகம் தெரியலையா?"

"இல்லடி, காத்து திடீர்னு திரும்பிடுச்சு லா. கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள வந்துடுச்சு."

வாய் கூசாமல் வந்தது பொய். அழகம்மா நம்பினாள். முந்தானையைப் பிழிந்து செல்லாயியின் தலையைத் துவட்டிவிட்டாள். "விடுக்கா, மழைய யாரு புடிச்சு நிறுத்துறது? ஒன்னோடதாவது தப்பிச்சுதே."

அதற்குப் பதில் அவள் ஓங்கி அறைந்திருக்கலாம் என்று செல்லாயிக்குத் தோன்றியது. மறுநாள் தன் கிழங்கில் ஒரு சாக்கைக் கொண்டுபோய் அழகம்மா வீட்டில் வைத்தாள். அழகம்மா கண்கலங்கி, "நீ நல்லா இருக்கணும்க்கா" என்றாள்.

அப்புறம் மலைமேல் துண்டு மேகம் வந்தாலும் செல்லாயி தட்டினாள். பெண்கள் கொல்லையிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து, காய்கிற வெயிலைப் பார்த்துத் திட்டித் தீர்ப்பார்கள். ஜப்பான்காரன் போய் மறுபடி பால்வெட்டு தொடங்கிய பிறகும், மழை வராது என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து யாரும் வாங்க முடியவில்லை. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அழகம்மாவுக்கு மட்டும் கோபம் வரும்.

"அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க. அன்னைக்கு மேகம் தெரிஞ்சிருந்தா அக்கா தட்டாம இருந்திருக்குமா?"

செல்லாயி ஜெராய் மலையைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.