பங்களா நாய்க்கு லயத்துச் சாப்பாடு

எழுபத்தைந்தில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்த வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கிளம்பினார். மேசை, கட்டில், பியானோ எல்லாம் ஏலத்தில் போயின. நாயை ஏலம் போட மட்டும் அவருக்கு மனசு வரவில்லை. பங்களாத் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த இராக்கம்மாவைக் கூப்பிட்டு, சங்கிலியை அவள் கையில் கொடுத்தார். கூடவே ஒரு பெட்டி நிறைய டின்கள். ஒவ்வொரு டின்னிலும் நாய்ப் படம்.

“நல்லாப் பாத்துக்கோ” என்றார். கண் கலங்கியிருந்தது.

“நீங்க கவலப்படாமப் போங்க தொரை. எம்புள்ள மாதிரி வச்சுக்குறேன்.”

இராக்கம்மா சும்மா சொல்லவில்லை. பெற்ற மகள்கள் இரண்டு பேரும் கலியாணமாகி மொனராகலைப் பக்கம் போய்விட்டார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவளும் புருஷன் இராசையாவும்தான். நாயின் பெயர் டியூக். கன்றுக்குட்டி உயரம், கன்னங்கரேலென்று பளபளப்பு. லயத்துக்கு வந்து சேர்ந்த அன்றைக்கே அது டூக்கு ஆகிவிட்டது.

முதல் டின்னைத் திறந்ததும் வாசனைக்கு லயமே எட்டிப் பார்த்தது. இராசையா குனிந்து முகர்ந்தான்.

“என்னாடி இது, நம்ம வீட்டுக் கொழம்பவிட மணக்குது?”

“நீ ஒரு வாய் வச்சிராத. அது கணக்குப் பாத்துத் திங்கிற நாயி.”

அரை அரை டின்னாகப் போட்டும் பெட்டி எத்தனை நாளைக்கு வரும்? காலியானதும் கோதுமை ரொட்டியைப் பிய்த்து வைத்தாள். டூக்கு, கலியாண வீட்டில் மரியாதை கிடைக்காத சம்பந்தி மாதிரி, முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டது. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் இராக்கம்மா காலி டின் ஒன்றை முந்தானையில் சுற்றிக்கொண்டு கொஸ்லந்தைக்கு இறங்கினாள். அங்கே ஆட்டிறைச்சிக் கடையும் பலசரக்குக் கடையும் பக்கம் பக்கமாக வைத்திருந்தவர் இப்றாஹீம் நானா.

அவர் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். “மனுசருக்கே மீன் டின் இல்லாத காலம் இது. நாய்க்கு டின்னுக்கு எங்க போவேன்? கொழும்புலயும் கிடைக்காது. எலும்பு வேணுமெண்டா தாறேன், கொண்டு போ.”

எலும்போடு அவள் வீடு வருவதற்குள் இராசையா ஒரு முடிவுக்கு வந்திருந்தான். கூட்டாளிகளோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போய், தன் பங்கில் ஒரு துண்டை அப்படியே பச்சையாக வெட்டி நாயின் முன்னால் போட்டான்.

“புலி சோறாக்கியா திங்கிது? நாயும் அந்தச் சாதிதான்.”

டூக்கு இரண்டே விழுங்கில் முடித்துவிட்டு வாலை ஆட்டியது. இராசையா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். அந்தப் பெருமையெல்லாம் வார முடிவு வரைக்கும்தான். ஒரு பக்கம் நாய்க்கு வயிறு போனது. இன்னொரு பக்கம், பச்சை இறைச்சி தீர்ந்ததும் அது பக்கத்து வீட்டு ராசம்மாவின் வெடைக்கோழியைக் கவ்விக்கொண்டு வந்து, வாசலில் வைத்துச் சாப்பிட்டது.

ராசம்மாவின் குரல் அடுத்த மலைக்குக் கேட்டது. “தொரை வீட்டு நாயின்னா தொரையாயிருமா? அடுத்த வாரம் முட்ட வைக்கிற கோழிடி!”

“கத்தாத ராசம்மா. எங்கோழி ரெண்டுல எது வேணுமோ புடிச்சுக்க.”

ராசம்மா தயங்காமல் பெரியதைப் பிடித்துக்கொண்டாள். இராக்கம்மா புருஷன் பக்கம் திரும்பி, “இனி இந்த வீட்டுல பச்ச எறச்சிங்கிற பேச்சே வரக்கூடாது” என்றாள். இராசையா வாசலில் கிடந்த இறகுகளைக் கூட்டத் தொடங்கினான்.

அன்று சாயங்காலம் அவள் அடுப்பில் பழைய சட்டியை ஏற்றினாள். நானாவிடம் மறுபடி கேட்டு வாங்கி வந்த எலும்பை நன்றாக வேகவிட்டு, சாற்றை மட்டும் எடுத்துக்கொண்டாள். லயத்துக்குப் பின்னால் தானே போட்ட பூசணி, மரவள்ளிக்கிழங்கு, ஒரு பிடி குரக்கன் என்கிற கேழ்வரகு மா. உப்பு இல்லை, மிளகாய் இல்லை. கிண்டி ஆறவைத்து, தட்டில் ஊற்றினாள். டூக்கு மூக்கைக் கொண்டுவந்தது, போய்ப் படுத்துக்கொண்டது.

“அப்ப நீ என்னதான் திம்ப, ராசா?” என்று அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது லயத்தில் யாருக்கும் சொந்தமில்லாமல் திரிந்த செவலைப் பெட்டைநாய் மெல்ல வந்து, தட்டில் வாய் வைத்தது. டூக்கு தலையைத் தூக்கியது. செவலை சளப் சளப்பென்று நக்க, டூக்கு எழுந்து வந்து உறுமி, இடித்துத் தள்ளிக்கொண்டு தானும் வாய் வைத்தது. வைத்த வாயை எடுக்கவேயில்லை. இராக்கம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

மறுநாளிலிருந்து செவலையையும் கூப்பிட்டுத்தான் தட்டு வைத்தாள். போட்டி தீர்ந்து சிநேகமான பிறகும் டூக்கு சட்டிச் சாப்பாட்டை விடவில்லை. வயிறு நேரானது, கோழிகளும் பயமில்லாமல் மேய்ந்தன. “மனுசருக்கே மாவு இல்ல, நாயிக்குக் கூழாம்” என்று ஒன்றிரண்டு பேர் பேசாமலில்லை. “நாங்க திங்கிறதுலதான் பங்கு குடுக்குறோம். ஒங்க வீட்டுச் சட்டியில கை வச்சேனா?” என்று அவள் கேட்டதும் அடங்கிவிட்டார்கள். அடுத்த வருஷம் செவலை நான்கு கறுப்புக் குட்டிகள் போட்டபோது, முதல் குட்டியை மடியில் கட்டிக்கொண்டு போனவள் ராசம்மாதான்.

அதற்குப் பிறகு, இரண்டு அரசாங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, தோட்டத்துச் சனமே ஒவ்வொரு குடும்பமாக இந்தியாவுக்குப் போகத் தொடங்கியது. பெட்டி கட்டியவர்கள் கடைசியாக வந்து நிற்பது இராக்கம்மாவின் வாசலில்தான், கையில் கயிறும் கயிற்றில் நாயுமாக. அவள் யாரையும் வேண்டாமென்று அனுப்பவில்லை. போகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, நாயின் பெயரைக் கேட்டுக்கொண்டாள். சட்டி போதாமல், கோயில் திருவிழாவுக்குச் சோறாக்கிய பழைய அண்டா ஒன்றைக் கேட்டு வாங்கினாள். முணுமுணுத்துக்கொண்டே அவளோடு உட்கார்ந்து பூசணி நறுக்க இராசையாவும் பழகிக்கொண்டான்.